காயம்பட்ட குற்றவாளி

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், காஞ்சிபுரத்தை அடுத்த பாலுசெட்டிசத்திரத்தின் அருகே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கி ‘வீலிங்’ செய்ய முற்பட்டு, வண்டியோடு சாலையோரத்தில் தூக்கி எறியப்பட்டுக் கை முறிந்த பிரபல யூடியூபர் ஒருவர், மாவுக்கட்டோடு கைதாகிச் சிறைக்குப் போனார். ஜாமீனுக்கு வாரக்கணக்கில் காத்திருந்தார். அவருடைய ஓட்டுநர் உரிமமும் பத்து ஆண்டுகளுக்குப் பறிபோயிற்று. இத்தகைய சம்பவங்களில் ஜனங்கள் இருவகை அபிப்பிராயம் சொல்வதுண்டு. செய்த வினையின் பலனை உடம்பிலேயே அனுபவித்துவிட்டவன் மேல் கேஸ் வேறு எதற்கு என்பது ஒன்று. பிழைத்தெழுந்தவனைச் சும்மா விட்டால் மறுபடியும் அதையே செய்வான் என்பது மற்றொன்று.

சட்டம் இரண்டாவது அபிப்பிராயத்தின் பக்கமே நிற்கிறது. அதற்குத் தக்க நியாயமும் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவும், அதன் ஸ்தானத்தில் இன்று அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவும், பொதுச் சாலையில் மனித உயிருக்கு ஆபத்து விளையும்படி வண்டி ஓட்டுவதையே குற்றமாகக் கொள்கின்றனவேயன்றி, யாரேனும் அடிபட்டாக வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. விழுந்தவன் தான் மட்டும் விழுந்தான் என்பது தற்செயல். அந்தக் கணத்தில் எதிரே ஒரு பள்ளிச் சிறுமி சைக்கிளில் வந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். தவிரவும், வழக்குப் பதிவையே கொடுமையாக நினைப்பது சரியல்ல. வண்டியின் சொந்தக்காரருக்கென்று உள்ள 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டைக் கோரி அலையும் குடும்பத்திடம் பெரும்பாலும் முதலில் கேட்கப்படும் காகிதம் எஃப்.ஐ.ஆர். தான்.

ஆனால் குற்றம் நடந்தது என்று நிச்சயிப்பது வேறு, அதற்காகத் தண்டிப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகவே பாவித்து வந்திருப்பதுதான் நம்முடைய குறை என்று நான் கருதுகிறேன். ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட், 1797-இல் வெளியிட்ட தம் நூலில், தீய செயல் தன்னைத் தானே தண்டித்துக்கொள்ளும் இயற்கைத் தண்டனையையும் நீதிமன்றம் விதிக்கும் தண்டனையையும் பிரித்துக் காட்டி, முன்னதைச் சட்டம் இயற்றுவோர் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை என்று எழுதினார். அவருடைய பாஷையிலேயே எழுதப்பட்ட ஜெர்மனியின் தண்டனைச் சட்டம், இன்று தன் 60-ஆம் பிரிவில், குற்றத்தின் விளைவுகளால் குற்றவாளியே மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, அதற்கு மேலும் ஒரு தண்டனை விதிப்பது வெளிப்படையாகவே பொருந்தாததாகும் பட்சத்தில், நீதிமன்றம் தண்டனையைக் கைவிட வேண்டும் என்று சொல்கிறது. அந்தச் செயலுக்காக அவருக்கு ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட சிறை விதிக்க வேண்டியிருக்குமாயின் இந்தச் சலுகை கிடையாது. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். விலகுவது தண்டனை மாத்திரமே.

இந்த ஏற்பாட்டின் அருமை, வெறும் எலும்பு முறிவில் அன்று, வேறு ஒரு வகைத் துயரத்தில்தான் விளங்கும். மனைவியையும் குழந்தையையும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, முன்னே போகும் லாரியை முந்திவிட அவசரப்பட்டு, குழந்தையைப் பறிகொடுத்துத் தானும் ஒரு காலை இழந்த தகப்பனை எண்ணிப் பாருங்கள். சட்டத்தின் முன் இறந்த குழந்தை ‘மற்றொரு நபர்’, கொன்றவன் அவன். அஜாக்கிரதையால் மரணம் விளைவிப்பதற்குப் பழைய சட்டத்தில் 2 ஆண்டாக இருந்த உச்சத் தண்டனை, புதிய சட்டத்தின் 106-ஆம் பிரிவில் 5 ஆண்டாக உயர்ந்திருக்கிறது. அபாயகரமாக வண்டி ஓட்டி உயிர் பறித்தவர்களை நன்னடத்தைச் சட்டத்தின் கருணையால் விடுவிப்பது தகாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பிறர் வீட்டுப் பிள்ளையைக் கொன்றவனைப் பொறுத்தவரை அந்தக் கண்டிப்பு முற்றிலும் சரியே. தன் பிள்ளையையே கொன்றுவிட்டு, வாய்தாவுக்கு வாய்தா ஊன்றுகோலோடு கோர்ட்டுப் படியேறும் தகப்பனுக்கும் அதே கண்டிப்பா? அவனைச் சிறைக்கு அனுப்பினால், பிள்ளையை இழந்த தாய் புருஷனின் சம்பாத்தியத்தையும் இழப்பாள் என்பதன்றி வேறு என்ன சாதிக்கப்படும் என்று எனக்குப் புரியவில்லை.

இரயில் பிரயாணத்தில் நம் சட்டம் இதைவிட விசாலமான மனத்தோடு நடந்துகொள்கிறது. ஊழியர் எச்சரித்த பின்னும் படிக்கட்டில் தொங்கிப் பிரயாணம் செய்வது, 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 156-ஆம் பிரிவின்படி மூன்று மாதச் சிறைக்கோ 500 ரூபாய் அபராதத்துக்கோ உரிய குற்றம். எனினும் வண்டியிலிருந்து விழுந்தவரின் கவனக்குறைவைக் காட்டி இழப்பீட்டை மறுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2010-லும் 2018-லும் தெளிவுபடுத்தியது. அந்த 2018-ஆம் ஆண்டு ஜூலையில்தான், வழக்கமான புறநகர்ப் பாதையை விட்டு விரைவுப் பாதையில் திருப்பிவிடப்பட்ட மின்சார இரயிலின் படிக்கட்டில் நெரிசலில் தொங்கி வந்தவர்கள், பரங்கிமலை நிலையத்தின் கான்கிரீட் சுவரில் மோதி மாண்டார்கள். தப்பியவர்களின் செயலைத் துணிச்சல் என்பதா, வேறு வழியின்மை என்பதா? வேலைக்குப் போயாக வேண்டியவனுக்கு உள்ளே நிற்க இடமில்லாதபோது, குற்றத்தில் ஒரு பங்கு அந்தக் கூட்டத்துக்குப் போதிய வண்டி விடாதவர்களையும் சேரும்.

2023-இல் புதிய தண்டனைச் சட்டம் இயற்றியவர்கள், சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையை முதன்முறையாகத் தண்டனையாக்கினார்கள். அஜாக்கிரதையாக வண்டி ஓட்டுவதை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. அதைச் சேர்க்க வேண்டும்; அத்துடன், ஜெர்மனியில் இருப்பது போன்ற ஒரு பிரிவையும் சேர்த்து, குடும்பத்தாரின் சொல்லைக் கேட்ட பிறகு தண்டனையைக் கைவிடும் அதிகாரத்தை நீதிபதிக்கு வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். லட்சக்கணக்கான இளைஞர்கள் பார்த்துப் பின்பற்றும்படி சாலையில் சாகசம் செய்பவர் அந்தச் சலுகையைப் பெறுவது அரிதாகத்தான் இருக்கும். அப்படி இருப்பதே முறை. உரிமத்தைப் பறிப்பதோ இதில் சேராது. அது நாளை அதே சாலையில் நடக்கப்போகிறவர்களுக்கான காப்பு. ஆதலால் எத்தனை பெரிய காயத்தின் பொருட்டும் அதை மட்டும் தளர்த்தலாகாது.