முன் சக்கரப் பிரேக்கின் கீச்சொலியும் அதன் பரிகாரமும்

நெல் மூட்டைகளையும் காய்கறிக் கூடைகளையும் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி இக்காலத்தில் அநேக குடியானவர்களிடம் இருக்கிறது. வண்டி பழையதாகிவிட்டால், பிரேக்கை மிதிக்குந்தோறும் முன் சக்கரங்களில் கீச்சென்னும் சத்தம் எழுவது சகஜம். பழைய வண்டி கத்தத்தான் செய்யும் என்று சிலர் அசட்டையாக இருந்துவிடுகின்றனர். வேறு சிலர், மாட்டு வண்டியின் அச்சுக்கு மை இடுவதுபோல, பிரேக்கிலும் எண்ணெய் விடுகின்றனர். முன்னது தவறு, பின்னது உயிருக்கே அபாயம்.

இச்சத்தம் உண்டாகும் விதத்தை முதலில் அறிந்துகொள்ளல் நலம். முன் சக்கரத்துடன் சுழலும் இரும்புத் தட்டுக்கு டிஸ்க் என்று பெயர். பிரேக்கை மிதித்தவுடன் காலிப்பர் என்னும் கவ்வியானது இரண்டு பேடுகளை இத்தட்டின் இருபுறமும் அழுத்துகிறது. உராய்வினால் வண்டி நிற்கிறது. அப்பொழுது பேடாவது தட்டாவது மிக விரைவாக அதிருமாயின், அவ்வதிர்ச்சியே கீச்சொலியாகக் கேட்கிறது. இது புதிய வியாதியன்று. 1902-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்பவர் பேடண்டு பெற்ற டிஸ்க் பிரேக்கும் பெருஞ்சத்தம் எழுப்பக்கூடியதாகவே இருந்தது.

சத்தம் எப்பொழுது எழுகிறதென்று கவனித்தால் காரணம் பெரும்பாலும் விளங்கிவிடும். அதிகாலையில் மட்டும் கேட்டு, நான்கைந்து முறை பிரேக் பிடித்தபின் நின்றுவிடுமாயின், இரவுப் பனியால் தட்டில் படிந்த மெல்லிய துருவே காரணம். அதற்குப் பரிகாரம் தேவையில்லை. நாள் முழுவதும் கேட்குமாயின், புழுதி சேர்ந்திருக்கலாம். பேடின் முகம் சூட்டினால் பளபளப்பாக இறுகியிருக்கலாம். காலிப்பர் நகர்வதற்குரிய தண்டுகள் வறண்டு பிடித்துக்கொண்டிருக்கலாம். பேடு தேய்ந்துவிட்டதை அறிவிப்பதற்காகவும் இச்சத்தம் எழுவதுண்டு. அநேக பேடுகளில் இதற்கென ஒரு சிறு எஃகு நாக்கு வைக்கப்பட்டிருக்கும். பேடு மெலிந்ததும் அந்நாக்கு தட்டில் உரசிக் கூவும். அதை அலட்சியம் செய்தால், பிறகு இரும்போடு இரும்பு கரகரவென்று அரைபடும். அந்நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

பரிசோதிக்கும் முறை வருமாறு: வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும். முன்புறத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டின்மேல் இருத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. சக்கரத்தைக் கழற்றிப் பேடுகளின் கனத்தைப் பார்க்கவும். பின்தகடு நீங்கலாக, உராயும் பாகம் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால், இடம் வலம் இரு சக்கரங்களுக்கும் ஒருங்கே புதிய பேடுகள் போடவேண்டும். ஒரே சக்கரத்தில் ஒரு பேடு மட்டும் அதிகமாகத் தேய்ந்திருப்பின், காலிப்பரின் தண்டுகள் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். தட்டில் வெடிப்பு இருந்தாலும், அதில் பொறித்துள்ள குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழ் தேய்ந்திருந்தாலும், தட்டை மாற்ற வேண்டும்.

பேடுகள் கனமாகவே இருந்தால் பிரேக் கிளீனரால் புழுதியைக் கழுவலாம். காற்றடித்துத் தூசை எழுப்பலாகாது. பழைய பேடுகளில் கல்நார் இருக்கலாம், அத்தூசு நுரையீரலைக் கெடுக்கும். முகம் இறுகிய பேடுகளை மாற்றிவிடுவதே உத்தமம். கழற்றிய காலிப்பரைக் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். ரப்பர் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் கெடும். தண்டுகளைத் துடைத்து, சூடு தாங்கும் சிலிகோன் கிரீஸ் தடவவும். சாதாரண கிரீஸ் ரப்பர் உறைகளை உப்பச் செய்யும். பேடின் பின்தகட்டில் பிரேக்குக்குரிய கிரீஸை மெல்லியதாகப் பூசினால் அதிர்ச்சி குறையும். ஆனால் பேடின் முகத்திலும் தட்டிலும் ஒரு துளி எண்ணெயும் படலாகாது. பட்டால் பிரேக் பிடிக்காது. எண்ணெய் ஊறிய பேடுகளை எறிந்துவிட வேண்டும்.

யாவற்றையும் பூட்டியபின், வண்டியை நகர்த்துமுன் பிரேக் மிதி கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். இதை மறந்தால் முதல் மிதியில் வண்டி நில்லாது. புதிய பேடுகளாயின், பாரமின்றி, ஆளில்லாச் சாலையில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு நிதானமாகக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, எட்டுப் பத்து முறை பழக்குவது நலம்.

மிதி தரைவரை இறங்கினாலும், பிரேக் ஆயில் கசிந்தாலும், வண்டி ஒருபுறம் இழுத்தாலும், தாமதமின்றித் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பேடுகளைக் காலத்தில் மாற்றும் செலவு சொற்பமே. மூட்டைகளோடு இறக்கத்தில் வரும் வண்டிக்கு முன்னே, பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைகள் சாலையைக் கடக்கக்கூடும் என்பதை வண்டி வைத்திருப்போர் ஒவ்வொருவரும் நினைவில் வைப்பாராக.