ஆய்வாளர் வந்து சென்ற பிறகு

மருத்துவமனையின் வரவேற்புக் கூடத்தில் தரச்சான்றிதழ் ஒன்று சட்டமிட்டு மாட்டப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். யாரோ ஒருவர் வந்து இவ்விடத்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார் என்ற எண்ணம் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் ஆறுதல் தருகிறது. அந்த ஆறுதலுக்கு நியாயம் உண்டு. ஆயினும், தமக்கு எங்கே வலிக்கிறது என்பதைச் சொல்லத் தெரியாத ஒருவர் அதே மருத்துவமனையில் படுத்திருக்கும்போது, அச்சான்றிதழ் அவரை எந்த அளவுக்குக் காக்கும்? இங்கிலாந்து நாடு இக்கேள்வியைக் கடந்த இருபது ஆண்டுகளாகப் பொதுவெளியில் விவாதித்து வருகிறது. அந்நாட்டு அனுபவத்தில் நோயாளிகளைப் பராமரிக்கும் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் உள்ளன.

முதலில் ஒரு சொல் விளக்கம். இங்கிலாந்தில் 'லேர்னிங் டிசபிலிட்டி' எனப்படுவது நாம் அறிவுசார் குறைபாடு என்று குறிப்பிடும் நிலையாகும். டவுன் சிண்ட்ரோம் உடையவர்கள் பலரும் இதில் அடங்குவர். எழுத்துக் கூட்டிப் படிப்பதில் மட்டும் குழந்தைகளுக்கு ஏற்படும் கற்றல் குறைபாடு வேறு.

இறப்புகள் எழுப்பிய கேள்வி

2007ஆம் ஆண்டில் மென்கேப் என்னும் தொண்டு நிறுவனம், தேசிய நலவாழ்வுச் சேவையின் பராமரிப்பில் இருந்தபோது இறந்த அறிவுசார் குறைபாடுடைய ஆறு பேரின் வரலாறுகளை வெளியிட்டது. அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. சர் ஜானதன் மைக்கேல் தலைமையிலான அக்குழு 2008இல் அறிக்கை அளித்தது. பின்னர் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் இத்தகைய 247 பேரின் இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். பொதுமக்களோடு ஒப்பிடுகையில் இவர்களுள் ஆண்கள் ஏறத்தாழ 13 ஆண்டுகளும், பெண்கள் ஏறத்தாழ 20 ஆண்டுகளும் முன்னதாகவே இறந்திருந்தனர்.

இவர்களது உயிரைப் பறித்தவை பெரும்பாலும் அரிய நோய்கள் அல்ல. உணவோ உமிழ்நீரோ மூச்சுக்குழாயில் இறங்குவதால் வரும் நிமோனியா, கட்டுப்படுத்தப்படாத வலிப்பு, கவனிக்கப்படாத மலச்சிக்கல் போன்றவை இவர்களிடையே உயிரிழப்பு வரை செல்கின்றன. மருத்துவர்களாகிய நாங்கள் எப்போதும் விழிப்புடன் இருக்க வேண்டிய ஓர் ஆபத்து இதில் உண்டு. நோயாளி அலறுகிறார், தலையை மோதிக்கொள்கிறார், உணவை மறுக்கிறார் என்றால், 'இது அவருடைய குறைபாட்டின் இயல்பு' என்று கருதிவிடுவது எளிது. காரணம் பல்வலியாகவோ, குடல் அடைப்பாகவோ, சிறுநீர்த் தொற்றாகவோ இருக்கக்கூடும்.

ஆய்வின் கண்ணில் படாதவை

இங்கிலாந்தில் மருத்துவமனைகளை ஆய்வு செய்யும் பொறுப்பு 2009 முதல் பராமரிப்புத் தர ஆணையத்திடம் உள்ளது. இரண்டே ஆண்டுகளில் அதற்குப் பெரும் சோதனை வந்தது. பிரிஸ்டல் நகருக்கு அருகே விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை இருந்தது. ஒரு நோயாளிக்கு வாரத்திற்குச் சராசரியாக 3,500 பவுண்டு கட்டணத்தைப் பொதுப்பணம் ஏற்றது. அங்கே பணிபுரிந்த மூத்த செவிலியர் ஒருவர், நோயாளிகள் கொடுமைப்படுத்தப்படுவதாக நிர்வாகத்திடமும் ஆணையத்திடமும் தெரிவித்தார், நடவடிக்கை இல்லை. 2011 மே 31 அன்று பிபிசி தொலைக்காட்சி மறைகேமராக் காட்சிகளை ஒளிபரப்பிய பின்னரே நாடு அதிர்ந்தது. மருத்துவமனை மூடப்பட்டது, ஊழியர் 11 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, அவர்களுள் அறுவர் சிறை சென்றனர்.

2012இல் வெளியான மார்கரெட் ஃபிளின்னின் அறிக்கையில் நம்மைச் சிந்திக்க வைக்கும் ஒரு செய்தி இருக்கிறது. அம்மருத்துவமனை குறித்து உள்ளாட்சி அமைப்புக்கு 40 பாதுகாப்பு முறையீடுகள் சென்றிருந்தன. காவல்துறைக்கு 29 முறை தகவல் போயிருந்தது. நோயாளிகள் எழுபதுக்கும் மேற்பட்ட முறை அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தனர். உண்மை ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒரு துண்டாகக் கிடந்தது. அத்துண்டுகளை ஒன்று சேர்த்துப் பார்க்கும் பொறுப்பை எவரும் ஏற்கவில்லை.

2013 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டு நகரின் ஸ்லேட் ஹவுஸ் சிகிச்சைப் பிரிவில் 18 வயது இளைஞர் ஒருவர் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தார். அவருக்கு வலிப்பு நோய் இருந்தது. மீண்டும் வலிப்பு வந்திருக்கலாம் என்று அவருடைய தாய் முன்னரே எச்சரித்திருந்தார். பிரிவை நடத்திய சதர்ன் ஹெல்த் அறக்கட்டளை அதை முதலில் இயற்கை மரணம் என்றே குறித்தது. தடுத்திருக்கக்கூடிய மரணம் என்று தனி விசாரணையும், கவனக்குறைவும் அதற்குக் காரணம் என்று 2015இல் மரண விசாரணை நடுவர் குழுவும் கூறின. அப்பிரிவில் கடும் குறைகள் இருந்ததை ஆணையத்தின் ஆய்வு கண்டறிந்தது. ஆனால் அந்த ஆய்வு நடந்தது இளைஞர் இறந்த பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில்.

அக்குடும்பம் ஓயவில்லை. அவர்களது போராட்டத்தின் விளைவாக அவ்வறக்கட்டளையில் நிகழ்ந்த இறப்புகள் அனைத்தும் எண்ணிப் பார்க்கப்பட்டன. 2011 ஏப்ரல் முதல் 2015 மார்ச் வரை எதிர்பாராத இறப்புகள் 722, விசாரிக்கப்பட்டவை 272. அறிவுசார் குறைபாடுடையோரின் இறப்புகளிலோ நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே விசாரணை நடந்திருந்தது. 2018இல் இரு நோயாளிகளின் இறப்புகள் தொடர்பாக நீதிமன்றம் அறக்கட்டளைக்கு 20 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

2019இல் டர்ஹம் மாவட்டத்தின் வோர்ல்டன் ஹால் மருத்துவமனையில் மறைகேமரா மீண்டும் கொடுமைகளைப் பதிவு செய்தது. அப்போது அதற்கு ஆணையம் அளித்திருந்த தரநிலை 'நன்று'. 2015ஆம் ஆண்டு ஆய்வில் எழுந்த கவலைகளைக் கொண்ட அறிக்கை வெளியிடப்படாமலே கிடந்தது என்பதும் பின்னர் தெரியவந்தது.

ஆய்வாளர் ஆவணங்களையும், மருந்துப் பதிவேட்டையும், பணியாளர் எண்ணிக்கையையும் பார்க்கிறார். பேசக்கூடிய நோயாளிகளிடம் பேசுகிறார். இவை அனைத்தும் தேவையானவை. நள்ளிரவில் வாய் பேசாத நோயாளியிடம் ஊழியர் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பது மட்டும் அவருக்குத் தெரிவதில்லை.

அரசு சொன்னதும் செய்ததும்

அரசு எதையுமே செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2017 முதல் மருத்துவ அறக்கட்டளைகள் தம்மிடம் நிகழும் இறப்புகளின் எண்ணிக்கையையும், அவற்றிலிருந்து கற்ற பாடங்களையும் வெளியிட வேண்டும் என்றாயிற்று. அறிவுசார் குறைபாடுடையோரின் இறப்புகளை ஆராய்வதற்கென்று தனித் திட்டமே இயங்குகிறது. 2021ஆம் ஆண்டுக்கான அதன் அறிக்கை, இவர்களது இறப்புகளில் 49 விழுக்காடு தவிர்த்திருக்கக்கூடியவை என்கிறது. பொதுமக்களிடையே அது 22 விழுக்காடு. பெற்றோரும் நோயாளியும் மறுத்த மருந்து கொடுக்கப்பட்ட பின் 2016இல் உயிரிழந்த இளைஞர் ஆலிவர் மெக்கவனின் பெயரால் ஒரு பயிற்சி உருவாயிற்று. மருத்துவ, பராமரிப்புப் பணியாளர்கள் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் பற்றிய பயிற்சி பெறுவதை 2022ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது.

நிறைவேறாத வாக்குறுதிகளும் உண்டு. மருத்துவமனைகளில் தேவையின்றி வைக்கப்பட்டிருந்தோரை 2014 ஜூன் மாதத்திற்குள் ஊருக்குள் குடியமர்த்துவதாக விண்டர்போர்ன் வியூவுக்குப் பின் அரசு கூறியது, கெடு கடந்துபோயிற்று. 2024இலும் ஏறத்தாழ 2,000 பேர் உள்நோயாளிகளாகவே இருந்தனர். ஆணையம் ஆய்வு செய்ய அதிகாரம் பெற்ற இடங்களில் ஐந்தில் ஒன்று எந்தத் தரநிலையும் பெற்றதே இல்லை என்று அதே ஆண்டில் மருத்துவர் பென்னி டாஷின் மதிப்பீடு காட்டியது. ஆய்வு செய்வோரையும் ஒருவர் ஆய்வு செய்ய வேண்டியிருக்கிறது; நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் அரசே அப்பொறுப்புக்கு உரியது.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

மேற்கண்ட நிகழ்வுகளில் ஆபத்தை முதலில் உணர்ந்து சொன்னவர்கள் நோயாளிக்கு மிக அருகில் இருந்தவர்களே: ஒரு தாய், ஒரு செவிலியர், ஒரு குடும்பம். எனவே அறிவுசார் குறைபாடுடைய ஒருவரைப் பராமரிப்போரிடம் நாங்கள் வேண்டிக்கொள்வன சில.

மருத்துவமனைக்கு வரும்போது ஒரே பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொண்டுவாருங்கள். இங்கிலாந்தில் இதை 'ஹாஸ்பிட்டல் பாஸ்போர்ட்' என்பர். அவருக்கு வலித்தால் என்ன செய்வார், எதற்கு அஞ்சுவார், மாத்திரையை எப்படி விழுங்குவார், உணவு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், கடைசியாக வலிப்பு எப்போது வந்தது ஆகியவை அதில் இருக்கட்டும்.

'இவர் வழக்கமாக இப்படி இருப்பதில்லை' என்று உங்களுக்குத் தோன்றினால், தயங்காமல் கூறுங்கள். எந்த நாளிலிருந்து உறக்கம் கெட்டது, உணவு குறைந்தது, மலம் கழித்து எத்தனை நாளாயிற்று, உண்ணும்போது இருமுகிறாரா என்பவற்றைச் சேர்த்துச் சொன்னால், அது எங்களுக்கு இரத்தப் பரிசோதனையைப் போன்றே பயன்படும்.

புதிய மருந்து எழுதப்பட்டால், எதற்காக, எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். முன்பு ஒவ்வாமல் போன மருந்தின் பெயரைச் சொல்லி, அது நோயாளிக் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கூட்டம் குறைந்த நேரம், அமைதியான இடம், உடனிருக்க அனுமதி ஆகியவற்றைக் கேட்பது சலுகை கோருவது ஆகாது. இங்கிலாந்தில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இத்தகைய ஏற்பாடுகளை மருத்துவமனைகளின் கடமையாக்கியுள்ளது. நம் நாட்டிலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் தடையற்ற அணுகலையும், சிகிச்சையில் முன்னுரிமையையும் உறுதி செய்ய அரசைப் பணிக்கிறது. அவ்வுரிமை மறுக்கப்பட்டால் மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

குறை இருப்பின் தேதியிட்டு எழுத்தில் கொடுங்கள். பதிலையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வாய்மொழியாகச் சொன்னது அன்றைய பணியாளரோடு போய்விடக்கூடும். எழுத்தில் கொடுத்ததற்குப் பொறுப்பானவர் என்றாவது ஒரு நாள் பதில் சொல்லியாக வேண்டும்.