சதுரப் பெட்டிகளும் பன்னிரண்டு பேரும்

'கோணேசர்' என்ற சொல்லைக் கைபேசித் திரையில் வரவைக்க, ஒரு காலத்தில் நிரலுக்குள் இட வேண்டியிருந்த எழுத்துகள் இவை: பெரிய என், எஃப், எச், மறுபடியும் பெரிய என், இசட், ஆர், எச், கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு பழகியவர்களுக்கு இது புதிரல்ல. திருகோணமலை மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் கொமியூனிகேஷன் கடைகளில் இருந்து மரண அறிவித்தலும் திருவிழா நோட்டீஸும் அடித்துக் கொடுத்த பிள்ளைகளுக்கு இந்த வரிசை விரலிலேயே இருந்தது. இந்த ஊரில் கைபேசிக்குத் தமிழில் செயலி எழுதப் புகுந்தவர்களுக்குக் கிடைத்த முதல் ஆயுதமும் அதுதான்.

2010, 2011ஐ நினைத்துப் பாருங்கள். போர் முடிந்து ஓரிரு வருடங்கள். விலை குறைந்த அண்ட்ராய்ட் போன்கள் கடைக் கண்ணாடிக்குள் வரத் தொடங்கியிருந்தன. அவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை. யுனிகோட் தமிழில் ஒரு செய்தி வந்தால் திரை முழுக்கச் சதுரப் பெட்டிகள். எப்படியோ எழுத்துருவைப் புகுத்தினாலும் பாதி வேலைதான் முடியும். 'கொ' என்ற எழுத்தைக் கணினி 'க'வாகவும் அதற்குப் பின்னால் வரும் ஓர் உயிர்க்குறியாகவும் வைத்திருக்கிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னுக்கும் காலைப் பின்னுக்கும் போடுகிற வேலையைப் போனின் உள்ளே இருக்கும் மென்பொருள் செய்ய வேண்டும். அன்றைய அண்ட்ராய்டுக்கு அது தெரியாது. ஆகவே கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது.

வாசகர்களுக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. ஒபரா மினி உலாவியின் முகவரிப் பட்டையில் 'கொன்ஃபிக்' என்று அடித்து, சிக்கலான எழுத்து முறைகளைப் படமாகக் காட்டும் தெரிவை 'ஆம்' என்று மாற்றினால் தமிழ் தெரியும். ஒருவர் மற்றவருக்குச் சொல்லி, போனை வாங்கிச் செய்து கொடுத்து, அது ஊர் ஊராகப் பரவியது. செயலி எழுதுபவருக்கு அந்த வழி உதவாது. அவர் யுனிகோட் தமிழை எடுத்து, செயலிக்குள்ளேயே பாமினி போன்ற பழைய குறியாக்கத்துக்கு மாற்றி, அந்த எழுத்துருவையும் கூடவே பொதி செய்து அனுப்புவார். பாமினியில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்க வேண்டும் என்பதால் வரிசை தானாகச் சரியாக வந்துவிடும். கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கிலக் கிறுக்கல். தேடினால் கிடைக்காது, பிரதி எடுத்து ஒட்டினால் குப்பை வரும். பார்வையற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லும் மென்பொருள் அந்தக் கிறுக்கலைத்தான் வாசிக்கும். ஆனாலும் தமிழ் தெரிந்தது, அன்றைக்கு அதுவே பெரிய காரியம்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் பெரும்பாலும் தனியாட்கள் என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் கைபேசியில் தமிழ் எழுதும் 'செல்லினம்' செயலியை 2005இல் சிங்கப்பூரில் வெளியிட்டார். ஐபோன் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு அது. பிறகு ஐபோனுக்கும் கொண்டுவந்தார். ஆனால் வெளியார் விசைப்பலகைகளை அப்பிள் 2014 வரை உள்ளே விடவில்லை. அதுவரை செல்லினத்துக்குள் எழுதி, வெட்டி, வேறிடத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. இன்று ஐபோனிலும் ஐபேடிலும் தமிழுக்கு இருக்கும் எழுத்துருவின் பெயர் 'தமிழ் சங்கம் எம்.என்.'. அந்த எம்.என். அவருடைய பெயரின் முதலெழுத்துகள். அதே சாதனங்களில் சிங்களத்துக்கு இருப்பது 'சிங்கள சங்கம் எம்.என்.'. ஒரு தமிழர் வரைந்த எழுத்தில்தான் ஐபோன் வைத்திருக்கும் சிங்களவர் தம் மொழியை வாசிக்கிறார். இந்த நாட்டு மொழிச் சண்டையில் எந்தப் பக்கத்தாரும் எடுத்துக்காட்டாத தகவல் இது. கொழும்பில் தனிக பெரேராவின் 'பாஷா' நிறுவனம் சிங்களமும் தமிழும் தெரியும்படி 'செட்' என்ற அண்ட்ராய்ட் உலாவியைத் தந்தது. பின்னால் ஹெலகுரு விசைப்பலகையால் நாடறிந்த நிறுவனம் அதுதான்.

ஐபேட் போன்ற தட்டைக் கணினியைப் பற்றிப் பேசினால் திருகோணமலைக்கு ஒரு சிறு உரிமை உண்டு. 1956இல் சுவாமி மலையடிவாரக் கடலில் மூழ்கி, உடைக்கப்பட்ட பழைய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் பார்த்தவர்களில் ஆர்தர் சி. கிளார்க்கும் ஒருவர். அவரும் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து உருவாக்கிய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படம் 1968இல் வந்தது. அதில் விண்வெளி வீரர்கள் சாப்பிட்டுக்கொண்டே தட்டையான ஒரு திரையில் செய்தி பார்ப்பார்கள். ஐபேட் தங்கள் வடிவமைப்பு என்று அப்பிள் வழக்குப் போட்டபோது, இது முன்பே இருந்த எண்ணம் என்று காட்ட 2011இல் சாம்சங் நீதிமன்றத்தில் எடுத்து வைத்தவற்றில் அந்தக் காட்சியும் ஒன்று. கிளார்க் 2008 மார்ச்சில் கொழும்பில் காலமானார். அப்பிளின் செயலிக் கடை அந்த ஜூலையில்தான் திறந்தது.

செயலி எழுதியவர்களின் அன்றைய பணக் கதை சுருக்கமானது. கூகுளில் செயலி வெளியிடக் கணக்குத் திறக்க ஒரே ஒரு தடவை 25 டொலர். டொலர் ஏறத்தாழ 130 ரூபாய்க்கு இருந்த காலத்தில் மூவாயிரத்துச் சொச்சம். தொகை பெரிதில்லை, வெளிநாட்டுக்குப் பணம் கட்டும் கார்ட் யாரிடம் இருந்தது என்பதுதான் கேள்வி. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மாமாவிடம் கேட்பதே வழக்கமான வழி. விலை வைத்து விற்கவும் முடியாது. விற்பனைக் கணக்குத் திறக்க அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் அந்த ஆரம்ப ஆண்டுகளில் இலங்கை இல்லை. இலவசமாகக் கொடுத்து விளம்பரம் போட வேண்டும், 100 டொலர் சேரும்வரை காத்திருக்க வேண்டும். பேபாலில் காசு அனுப்பலாம், வாங்க முடியாது. பிறகு டயலொக் தொலைபேசி நிறுவனத்தின் ஐடியாமார்ட் தளம் வந்ததும் ரீலோட் காசிலேயே ஐந்தோ பத்தோ ரூபாய் வெட்டிக்கொள்ளும் வழி திறந்தது. கார்ட் இல்லாத நாட்டில் அதுவே கெட்டித்தனமான ஏற்பாடு என்பேன்.

இன்று எழுத்துப் பிரச்சினை முடிந்துவிட்டது. எந்த மலிவு போனை எடுத்தாலும் கொம்பு தன் இடத்தில் நிற்கிறது. நிலாவெளி கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளிடம் சதுரப் பெட்டிக் கதையைச் சொன்னால் பங்கர் கதை கேட்பதுபோலக் கேட்பார்கள். ஒரே நிரலை எழுதி அண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் அனுப்பலாம். நிரலில் பாதியைச் செயற்கை நுண்ணறிவே எழுதிக் கொடுக்கிறது. டொங்கிளைச் செருகி, இரவு டேட்டா தொடங்கட்டும் என்று நள்ளிரவு வரை விழித்திருந்து கருவிகளைத் தரவிறக்கியதை இப்போது சொன்னால் சிரிப்பு வரும்.

ஆனால் தனியாளுக்கு இது இலகுவாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை என்பதே என் கணிப்பு. அன்று இருந்த தடை அறிவால் உடைக்கக்கூடியது. ஒருவர் ஒரு மாதம் உட்கார்ந்தால் கொம்பை இடம் மாற்றலாம். இன்றைய தடைகள் வாசற்காவல் மாதிரி. கெட்டித்தனம் அங்கே செல்லாது.

2023 நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு கூகுளில் தனிநபர் கணக்குத் திறந்தவர், செயலியை வெளியிட முன்பு இருபது பேரைப் பிடித்துப் பதினான்கு நாள் தொடர்ந்து சோதிக்க வைக்க வேண்டும் என்று விதி வந்தது. ஒரு வருடத்தில் இருபதைப் பன்னிரண்டாகக் குறைத்தார்கள். பன்னிரண்டு பேர் என்ன பெரிய எண்ணிக்கை என்று தோன்றும். உட்துறைமுக வீதியில் ஒரு மாடி அறையில் தனியே வேலை செய்பவர் கேட்டுப் பார்க்கட்டும். முதல் நாள் எல்லோரும் சேர்வார்கள், நாலாம் நாள் மச்சானின் போனில் இடமில்லை என்று செயலி அழிந்திருக்கும், சின்னம்மாவின் மகள் பரீட்சை வந்துவிட்டது என்பாள். அதனால் நீ என்னுடையதைச் சோதி, நான் உன்னுடையதைச் சோதிக்கிறேன் என்று முகமறியாதவர்களோடு பண்டமாற்றுச் செய்கிறார்கள். யாரும் எதையும் உண்மையில் சோதிப்பதில்லை. குப்பைச் செயலிகளைத் தடுக்க வந்த விதி இப்படித்தான் நிறைவேறுகிறது.

அதையும் தாண்டினால், வருடாவருடம் புதிய அண்ட்ராய்ட் பதிப்புக்கு ஏற்றபடி செயலியைப் புதுப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் புதுப் போன் வாங்குபவருக்கு அது கடையில் தெரியாது. ஒரு தடவை எழுதிவிட்டு விட்ட திருப்புகழ்த் தொகுப்பும் பஞ்சாங்கமும் பழமொழிக் களஞ்சியமும் இப்படித்தான் மறைகின்றன. செயலியால் காசு உழைக்கும் தனிநபரின் முழு முகவரியும் கடையில் எல்லோருக்கும் காட்டப்படும். அலுவலகம் இல்லாதவருக்கு அது வீட்டு விலாசம்தான். கிழக்கு மாகாணத்தில் சந்தியில் நிற்பவனுக்கு வீட்டைக் காட்டவே தயங்கிய ஒரு தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது.

பொருளாதார நெருக்கடி வந்த 2022ஐத் தனியே சொல்ல வேண்டும். மார்ச் தொடக்கத்தில் 200 அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மார்ச் 31இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. செயலி வெளியிடுபவரிடம் அப்பிள் வாங்கும் வருடக் கட்டணமான 99 டொலர் சில வாரங்களிலேயே இருபதாயிரத்திலிருந்து முப்பத்தையாயிரத்துக்குத் தாவியது, அதுவும் வங்கி விட்டால்தான். அதேநேரம் வெளியிலிருந்து டொலர் வாங்கிய ஒரு சிலருக்குக் கையில் வந்த ரூபாய் ஏறத்தாழ இரட்டிப்பானது. மண்ணெண்ணெய் இல்லாமல் திருக்கடலூர்ப் படகுகள் கரையில் கிடந்த நாட்களில் அதை மகிழ்ச்சி என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. 2025 ஏப்ரலிலிருந்து அந்த வெளிநாட்டு வருமானத்துக்கும் 15 வீதம் வரை வரி. வரி கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கணக்கு முடிக்கத் தனியாளுக்கு இன்னோர் ஆள் தேவைப்படுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு இந்த ஊருக்கென்று என்ன செயலி செய்வது? கிண்ணியாப் படகுத் துறைக்கு நேர அட்டவணை செய்யலாம் என்று யாராவது நினைத்திருந்தால், 2009 அக்டோபரில் திறந்த பாலம் அதற்கு வேலையில்லாமல் செய்துவிட்டது. மூதூர் லோஞ்சுக்கும் அப்படித்தான், ஆற்றுவாய்களுக்கு மேலே பாலங்கள் வந்து பேருந்து நேரே போகிறது. மிஞ்சியது கடல். காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக என்று தொடங்கும் வானொலி வானிலை அறிவித்தலைக் காதில் வாங்கித் தொழிலுக்குப் போனவர்கள் இப்போது நிறம் நிறமாகக் காற்றைக் காட்டும் வெளிநாட்டுச் செயலிகளைப் பார்க்கிறார்கள். அவற்றில் கச்சானும் இல்லை, வாடையும் இல்லை, கொண்டலும் இல்லை. அம்புக்குறியும் எண்ணும்தான்.

"தம்பி, கையெல்லாம் ஈரம், இதில எழுத ஏலாது. கேட்டாச் சொல்லுமா?" கொட்பேயில் படகுக்காரர் ஒருவர் கேட்கக்கூடிய முதல் கேள்வி இதுதான்.

"சொல்லும் அண்ணன், ஆனா நீங்க கேக்கிறது அதுக்கு விளங்க வேணுமே."

2017இலேயே கூகுளின் குரல் தட்டச்சுப் பட்டியலில் 'தமிழ் (இலங்கை)' சேர்ந்துவிட்டது. இந்தியத் தமிழுக்கு வேறாக ஒரு தெரிவு, மரியாதையான விஷயம். ஆயினும் செய்தி வாசிப்பவர்போலத் திருத்தமாகப் பேசினால் எழுதிக்கொள்ளும் அது, கரையில் பேசுகிறபடி பேசினால் தடுமாறுகிறது. சல்லி, சீனன்குடா, கொட்பே என்ற பெயர்களைத் தனக்குத் தெரிந்த வேறு சொற்களாக எழுதி வைக்கிறது. திருத்துவதற்கு மூதூரிலும் திருக்கடலூரிலும் கிண்ணியாவிலும் பலர் பேசிய பல மணி நேரக் குரல் வேண்டும். பேசியவர்களின் சம்மதம் வேண்டும், அதைக் கேட்டு எழுத ஆட்கள் வேண்டும். பாமினி மாற்றியை ஒருவர் இரவு விழித்திருந்து எழுதியதுபோல இதை எழுத முடியாது. வளாகமும் மீனவர் சங்கங்களும் சேர்ந்தால் செய்யலாம். பன்னிரண்டு பேர் போதாது.