நெஞ்செரிச்சலும் நெறியான உணவும்

நுழையும்முன்

உணவைச் செரிக்க உதவும் அமிலமே தன் எல்லையைக் கடந்து மேலேறினால் நோயாகிறது. உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் தடுமாறிவிட்ட இக்காலத்தில், அந்நோயின் இயல்பை அறிவதும் அதனைத் தணிக்கும் வழிகளைக் கைக்கொள்வதும் இன்றியமையாதன.

பொழுது மாறிய வாழ்க்கை

சென்னையின் மேற்குப் புறநகரில் அமைந்த அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியன ஒரு காலத்தில் ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த ஊர்களாக இருந்தன. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் தோன்றின. தொழில்கள் பெருகப் பெருக, இரவுப் பணியும் இப்பகுதி மக்களின் வாழ்வில் ஒன்றாயிற்று. இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்பி, பகற்பசி தீர வயிறு நிறைய உண்டு, உடனே படுக்கைக்குச் செல்வோர் பலர்.

அவர்களுள் சிலருக்கு நள்ளிரவில் மார்பெலும்பின் பின்னே எரிச்சல் மூளும். புளித்த நீர் தொண்டைவரை ஏறும். இதனைத் தமிழில் 'எதுக்களித்தல்' என்பர். எப்போதேனும் ஒருமுறை நேர்ந்தால் அஞ்ச வேண்டியதில்லை. வாரத்தில் இருமுறையோ அதற்கு மேலோ தொடர்ந்து வருமாயின் அது அமிலப் பின்னோட்ட நோயாக இருக்கலாம்.

உணவுக்குழலின் வாயில்

உணவுக்குழல் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். அது இரைப்பையோடு சேருமிடத்தில் வளையம் போன்ற சுருக்குத்தசை உள்ளது. நாம் விழுங்கும்போது அது திறந்து உணவை உள்ளே விடும், பின்னர் மூடிக்கொள்ளும். இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது. அதன் உட்சுவரைக் கோழைப்படலம் கவசம்போல் காக்கிறது. உணவுக்குழலுக்கு அத்தகைய வலுவான கவசம் இல்லை. ஆகவே சுருக்குத்தசை உரிய நேரமின்றித் தளர்ந்தால், மேலேறும் அமிலம் அக்குழலைப் புண்ணாக்குகிறது. பெரும்பாலோர்க்கு அமிலம் மிகுதியாகச் சுரப்பது காரணமன்று; அது இடம் மாறிச் செல்வதே காரணம்.

வயிறு புடைக்க உண்ணுதல், எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த உணவு, உடற்பருமன், புகை, மது ஆகியன இவ்வாயிலைத் தளர்த்துவன அல்லது அதன்மேல் அழுத்தத்தைக் கூட்டுவன. நெஞ்சு எரிந்தால் சோடா குடிப்பது பலரது வழக்கம். அதிலுள்ள வாயு இரைப்பையை உப்பச் செய்கிறது; ஏப்பம் வரும்போது வாயில் திறந்து அமிலமும் உடன் ஏறக்கூடும்.

இரவில் ஏன் மிகுகிறது?

நிமிர்ந்திருக்கும்போது புவியீர்ப்பு அமிலத்தைக் கீழே நிறுத்துகிறது. மேலேறும் சிறிதளவு அமிலத்தையும் நாம் விழுங்கும் உமிழ்நீர் கழுவிவிடுகிறது. உறக்கத்திலோ உமிழ்நீர் மிகக் குறைகிறது, விழுங்குதலும் அரிதாகிறது. நிறைந்த வயிற்றோடு படுப்பவர்க்கு இம்மூன்று காப்புகளும் ஒருங்கே குறைகின்றன.

தணிக்கும் வழிகள்

உண்டபின் இரண்டு, மூன்று மணி நேரம் கழித்தே படுக்க வேண்டும். இரவுப் பணியாளர், பணியிடைவேளையிலேயே முதன்மை உணவை முடித்துக்கொண்டு, வீடு திரும்பியபின் இட்லி போன்ற எளிய உணவைச் சிறிதளவு உண்ணலாம். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துவது நன்று, தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடும். இடப்பக்கமாகப் படுத்தால் இரைப்பையின் அமிலம் வாயிலுக்குக் கீழே தங்கும். உடல் எடையைக் குறைப்பதும் நல்ல பயன் தரும். காலை உணவைத் தவிர்த்து, இரவில் தேநீருடன் நெடுநேரம் படிக்கும் மாணவருக்கும் இவ்வறிவுரைகள் பொருந்தும்.

1980களின் இறுதியில் ஒமிப்ரசோல் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. அது அமிலம் சுரப்பதையே குறைக்கிறது. பொதுவாக உணவுக்கு அரைமணி நேரம் முன்பு உட்கொள்ளப்படுகிறது. எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மருந்துக்கடையில் தாமே வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவது, உள்ளிருக்கும் வேறு நோயை மறைத்துவிடலாம்.

தெரிந்து தெளிவோம்

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் பெரும்பான்மையானவை உணவின் அளவையும் செரிமானத்தையும் பற்றியே பேசுகின்றன.

எச்சரிக்கைக் குறிகள்

விழுங்குவதில் தடை, காரணமின்றி எடை குறைதல், இரத்த வாந்தி, கரிய மலம் ஆகியன தோன்றினால் உடனே மருத்துவரை அணுக வேண்டும். நாட்பட்ட நோய் உணவுக்குழலைச் சுருக்கலாம். சிலருக்குப் புற்றுநோய்க்கும் வழிவகுக்கலாம்.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. மாரடைப்பும் நெஞ்செரிச்சல்போலத் தோன்றக்கூடும். மார்பில் இறுக்கம், இடக்கை அல்லது தாடைவரை பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை இருப்பின், 'வாயுப்பிடிப்பு' என்று கருதிக் காலம் தாழ்த்தக் கூடாது; 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். எரிச்சலா, இதயவலியா என்னும் ஐயத்தை வீட்டிலிருந்தே தீர்க்க முயல்வது தவறு. மருத்துவமனையில் எடுக்கப்படும் இதய மின்வரைபடமும் இரத்தப் பரிசோதனையும் அதனைத் தெளிவாக்கும். பசித்தபின் அளவோடு உண்பதும், ஐயம் எழுந்தபோது தயங்காது மருத்துவரை நாடுவதும் நலவாழ்வின் இரு கண்களாகும்.