கலங்களின் வானலை உரிமம்: கருவி, நிலையம், இயக்குநர் – தமிழகக் கடற்கரையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

படகிலும் வானூர்தியிலும் பேசும் வானலைக் கருவியை வைத்திருக்க அரசின் உரிமம் வேண்டும். ‘லைசென்ஸ்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படும் இவ்வேற்பாட்டுக்குள் கருவி, நிலையம், இயக்குநர் என்னும் மூன்று தனித்தனி உரிமங்கள் அடங்கியுள்ளன. வானூர்தியில் இம்மூன்றும் கலத்தின் பதிவோடு இணைந்து வளர்ந்தன. மீன்பிடிப் படகிலோ பதிவு ஒரு துறையிடமும் வானலை உரிமம் வேறொரு துறையிடமும் பிரிந்து நின்றன. இப்பிரிவு மீனவரின் உயிர்ப்பாதுகாப்போடு தொடர்புடையது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: வானலை உரிமம், அழைப்புக் குறி, மீன்பிடிப் படகு, வானூர்திப் பதிவு, ஒக்கி, உத்திரமேரூர்.

முன்னுரை

ஊர்ப்புறத்து முதியோர் பலருக்கு ‘ரேடியோ லைசென்ஸ்’ என்றவுடன் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி முத்திரை பெற்ற சிறு கையேடு நினைவுக்கு வரும். வீட்டில் பாட்டும் செய்தியும் கேட்கும் பெட்டிக்கே அன்று உரிமம் தேவைப்பட்டது. 1980களில் அம்முறை கைவிடப்பட்டது. அத்துடன் வானலை உரிமம் என்பதே மறைந்துவிட்டது என்னும் எண்ணம் பொதுவாக நிலவுகிறது. ஆனால் மறைந்தது கேட்கும் கருவிக்கான உரிமம் மட்டுமே. அலையை வெளியிடும் கருவிக்கான கட்டுப்பாடு இன்றும் தொடர்கிறது. கடலில் செல்லும் படகும் வானில் செல்லும் ஊர்தியும் இக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை.

2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும் வரை காஞ்சிபுரம் மாவட்டம் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஆகிய கடற்கரை ஊர்களை உள்ளடக்கியிருந்தது. இன்று அம்மாவட்டத்துக்குக் கடல் இல்லை. எனினும் பொதுவளம் ஒன்றைப் பலர் பயன்படுத்தும்போது தகுதியும் விதியும் ஏன் தேவைப்படுகின்றன என்பதை விளக்க, அம்மாவட்டத்தின் உள்நாட்டு ஊரான உத்திரமேரூரே பொருத்தமான தொடக்கமாகும்.

பொதுவளமும் தகுதியும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த இவை குடவோலை முறையால் அறியப்பட்டவை. வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு நிலம், மனை, வயது, கல்வி, ஒழுக்கம் ஆகியவை பற்றிய தகுதிகளை இவை வகுக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்குகின்றன. இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். வயிரமேக தடாகம் எனக் கல்வெட்டுகள் குறிக்கும் ஏரியின் நீர் ஊருக்குப் பொது. மதகை ஒருவர் தம் விருப்பப்படி திறந்தால் அடுத்தவர் வயல் காயும். ஆகவே மதகில் கைவைப்பவர் யார் என்பது ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வானலையும் இத்தகைய பொதுவளமே. ஓர் அலைவரிசையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அருகிலுள்ள மற்றொருவர் அதே அலைவரிசையில் பேசினால் இருவர் குரலும் குலையும். ஏரி நீரைப் போல இது வற்றுவதில்லை. ஆயினும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசை பலருக்குப் பயன்படாது. எனவே வானலை உரிமத்துக்கு இரு நோக்கங்கள் அமைகின்றன. ஒன்று, இடையூற்றைத் தடுப்பது. மற்றொன்று, பேசுபவர் யார் என்பதை அறிவது. முதல் நோக்கம் பரவலாகப் பேசப்படுகிறது. உயிர் காப்பதில் முதன்மையானது இரண்டாவதே.

சட்ட அடிப்படை

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தந்தி அமைப்புகளை நிறுவி இயக்கும் தனியுரிமையை அரசுக்கு வழங்கியது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் ஒரு படி மேலே சென்று, உரிமமின்றிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. கருவியை இயக்காமல் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாலும் அது குற்றமே. இவ்விரு சட்டங்களுக்கும் மாற்றாக 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2024 ஜூன் முதல் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வரும் இச்சட்டமும் வானலைக் கருவியை உடைமையாக வைத்திருக்க அரசின் ஏற்பு தேவை என்னும் கோட்பாட்டைத் தொடர்கிறது.

உரிமம் வழங்கும் பொறுப்பு ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறையிலுள்ள வானலைத் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவுக்கு உரியது. 1952இல் தொடங்கப்பட்ட இப்பிரிவு ‘சரல் சஞ்சார்’ என்னும் இணையவாயில் வழியாக இன்று விண்ணப்பங்களைப் பெறுகிறது.

மூவகை உரிமம்

பேச்சு வழக்கில் ‘லைசென்ஸ்’ எனப்படுவதை மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது கருவி பற்றியது. கருவியின் ஆற்றலும் அது வெளியிடும் அலையின் தூய்மையும் வரையறுத்த அளவுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது நிலையம் பற்றியது. குறிப்பிட்ட கலத்தில் பொருத்தப்பட்ட கருவித் தொகுதி ‘நிலையம்’ எனப்படும். அதற்கு அழைப்புக் குறி உண்டு. மூன்றாவது இயக்குநர் பற்றியது. பேசும் முறை, அவசர அழைப்பின் ஒழுங்கு, அமைதி காக்க வேண்டிய நேரம் ஆகியவற்றை அறிந்தவர் என்பதற்கான சான்று இது. மாட்டுவண்டியை ஓட்ட யாரும் உரிமம் கேட்பதில்லை. உந்து வண்டிக்கோ வண்டியின் தகுதிச் சான்று, பதிவெண், ஓட்டுநர் உரிமம் என மூன்றும் வேண்டும். வானலை உரிமத்தின் மூன்று கூறுகளும் இவற்றை ஒத்தவை.

வானூர்தி: பெயரே அழைப்புக் குறி

இந்திய வானூர்திகளின் உடலில் ‘வி.டி.’ என்னும் எழுத்துகள் முன்னொட்டாக வருவதைக் காணலாம். இது வைஸ்ராயின் ஆட்சிப்பகுதியைக் குறிக்கும் சுருக்கம் என்னும் விளக்கம் பரவலாக வழங்குகிறது. ஆனால் இம்முன்னொட்டு, நாடுகளுக்கு வானலை அழைப்புக் குறிகளைப் பகிர்ந்தளித்த பன்னாட்டு ஏற்பாட்டிலிருந்து வந்ததாகும். இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகளுள் ஒன்று ‘வி.டி.ஏ.’ முதல் ‘வி.டபிள்யூ.இசட்.’ வரை நீள்கிறது. வானூர்தியின் பதிவுக்குறி வேறு, வானலைப் பெயர் வேறு என்னும் நிலை இங்கில்லை. பதிவு செய்யும்போதே கலம் வானலையில் அடையாளம் பெற்றுவிடுகிறது.

1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை இதற்கு உறுதியான வடிவம் தந்தது. அதன் 29ஆம் உறுப்பு, பன்னாட்டுப் பயணம் செல்லும் வானூர்தி கையோடு கொண்டுசெல்ல வேண்டிய ஆவணங்களுள் நிலைய உரிமத்தையும் சேர்க்கிறது. 30ஆம் உறுப்பு, பதிவு செய்த நாட்டின் உரிமம் பெற்ற கருவியையே பொருத்த வேண்டும் எனவும், உரிமம் பெற்ற பணியாளரே அதை இயக்க வேண்டும் எனவும் கூறுகிறது. கருவி, நிலையம், இயக்குநர் என்னும் மூன்று கூறுகளையும் இங்கு ஒருங்கே காணலாம்.

இந்தியாவில் ஒரு குறை நீடித்தது. வானோடிக்குப் பறக்கும் உரிமம் வழங்கியது சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம். வானலையில் பேசுவதற்கான தேர்வை நடத்தியதோ தொலைத்தொடர்புத் துறை. ஒரே இருக்கையில் அமர்ந்து செய்யும் ஒரே பணிக்கு இரு துறைகளின் வாயிலில் நிற்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய வாயுயான் அதிநியம், இத்தேர்வுக்கான அதிகாரத்தை விமானப் போக்குவரத்து இயக்ககத்துக்கே மாற்றியது.

கப்பல்: பேரிடர் தந்த விதி

கப்பலில் வானலை விதிகள் இறுகியதற்கு 1912 ஏப்ரலில் நிகழ்ந்த டைட்டானிக் பேரழிவு முதன்மைக் காரணமாகும். அருகிலிருந்த கலிபோர்னியன் என்னும் கப்பலின் ஒரே வானலை இயக்குநர் பணி முடித்து உறங்கச் சென்றிருந்ததால் அவசர அழைப்பு அங்கு கேட்கப்படவில்லை. கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு உடன்படிக்கை 1914இல் உருவானது. அதன் வழியில் 1999 பிப்ரவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த உலகளாவிய கடல் அவசரத் தொடர்பு முறை, 300 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள பன்னாட்டுச் சரக்குக் கப்பல்களுக்கும் பயணிகள் கப்பல்களுக்கும் பொருந்தும். இம்முறையில் அழைக்கும் கப்பலின் ஒன்பது இலக்க அடையாள எண் செய்தியோடு தானாகச் செல்கிறது. இந்தியக் கப்பலின் எண் 419 எனத் தொடங்கும்.

இவ்வுடன்படிக்கை பொதுவாக மீன்பிடிக் கலங்களுக்குப் பொருந்துவதில்லை. தமிழகக் கடற்கரையின் சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது.

மீன்பிடிப் படகு: பிரிந்து நின்ற இரு பதிவுகள்

தமிழ்நாட்டு விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் மாநில மீன்வளத் துறையிடம் பதிவு பெறுகின்றன. மீன்பிடிப்பை 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் நெறிப்படுத்துகிறது. படகில் பொருத்தும் வி.எச்.எஃப். கருவிக்கான உரிமம் ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறைக்கு உரியது. படகின் பெயரும் உரிமையாளரும் ஓர் அலுவலகத்தில் உள்ளன. படகின் குரலுக்கான உரிமம் மற்றோர் அலுவலகத்தில் உள்ளது. வானூர்தியைப் போலப் படகின் பதிவெண்ணே அதன் அழைப்புக் குறியாக அமைவதில்லை. அவசர அழைப்புக்குரிய 16ஆம் தடத்தில், அதாவது 156.8 மெகாஹெர்ட்சில், ஒரு குரல் ஒலித்தால் அது எந்தப் படகின் குரல் என்பதைக் குரலுக்குரியவர் சொன்னால்தான் அறிய முடியும்.

2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடத்தியோர் ‘குபேர்’ என்னும் மீன்பிடிப் படகைக் கைப்பற்றிப் பயன்படுத்தினர். அதன்பின் மீனவருக்கு அடையாள அட்டை, படகுக்கு நிறக்குறி, பெரிய படகுகளுக்குத் தானியங்கி அடையாளக் கருவி என நடவடிக்கைகள் வந்தன. இவை பாதுகாப்புத் துறையின் தேவைக்காக எழுந்தவை. படகு யாருடையது என்பதைக் கரை அறிந்துகொள்ள இவை உதவின. படகில் இருப்பவர் கரையோடு பேசும் வழியை இவை விரிவாக்கவில்லை.

2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக் கடலில் ஒக்கி புயல் வீசியது. ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் எச்சரிக்கைக்கு முன்பே கரையை விட்டுச் சென்றிருந்தன. வி.எச்.எஃப். அலை நேர்கோட்டில் செல்வது. சிறு படகின் தாழ்ந்த கம்பத்திலிருந்து அது கரையை எட்டும் தொலைவு ஏறத்தாழ 20 முதல் 30 கடல் மைல் வரையே. அதற்கு அப்பால் இருந்தோருக்கு எச்சரிக்கை சென்றடையவில்லை. அவர்கள் குரலும் கரைக்கு வரவில்லை. பலர் உயிரிழந்தனர், பலர் திரும்பவே இல்லை. செயற்கைக்கோள் தொலைபேசியோ நாட்டில் கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அரசின் ஏற்பின்றி அதை வைத்திருப்பது குற்றமாகும்.

ஒக்கிக்குப் பின் அணுகுமுறை மாறியது. 2019இல் அறிமுகமான ‘ஜெமினி’ கருவி, செயற்கைக்கோள் வழியாக வானிலை எச்சரிக்கையைப் படகுக்குக் கொண்டுசென்றது. ஆனால் படகிலிருந்து மறுமொழி அனுப்ப அதில் வழியில்லை. 2024 ஆகஸ்டு 30 அன்று தொடங்கப்பட்ட கலத் தொடர்பு ஆதரவுத் திட்டம் 364 கோடி ரூபாய் மதிப்பில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இருவழிச் செய்திக் கருவியை விலையின்றிப் பொருத்த முனைகிறது. மீனவர் உரிமம் தேடிச் செல்லும் நிலை மாறி, அடையாளத்தோடு கூடிய கருவியை அரசே கொண்டுவரும் நிலை உருவாகியுள்ளது. எனினும் இக்கருவி குறுஞ்செய்திக்கு உரியது. படகுக்கும் படகுக்கும் இடையே குரலால் பேச வி.எச்.எஃப். கருவியே இன்றும் துணை. அதன் உரிம முறை பழையபடியே உள்ளது. மேலும் படகின் இருப்பிடத்தைக் கரை எந்நேரமும் அறியும் ஏற்பாடு உதவிக்கும் பயன்படும், கண்காணிப்புக்கும் பயன்படும். எது எதற்கு என்பதைத் தெளிவாக வரையறுத்தால்தான் மீனவர் கருவியை அணைக்காமல் வைத்திருப்பர்.

அயல்நாட்டு ஒப்பீடு

அமெரிக்கா 1996இல் உள்நாட்டு எல்லைக்குள் செல்லும் பொழுதுபோக்குப் படகுகளுக்கும் தனியார் வானூர்திகளுக்கும் தனித்தனி நிலைய உரிமம் தேவையில்லை என விதித்தது. கருவி தரச்சான்று பெற்றிருக்க வேண்டும். பேசும் ஒழுங்கைக் காக்க வேண்டும். அயல்நாடு செல்லும் கலத்துக்கு உரிமம் தேவை. பிரிட்டனில் கப்பல் வானலை உரிமத்தை இணைய வழியில் கட்டணமின்றிப் பெறலாம். இரு நாடுகளும் தாளைக் குறைத்தனவே அன்றி அடையாளத்தைக் கைவிடவில்லை.

கலைச்சொல் சிக்கல்

‘வானொலி’ என்னும் சொல் தமிழில் ஒலிபரப்பையும் அதைக் கேட்கும் பெட்டியையும் குறித்து நிலைத்துவிட்டது. ஆகவே ‘வானொலி உரிமம்’ என்றால் பழைய அஞ்சலகக் கையேடே நினைவுக்கு வருகிறது. ‘வானலை உரிமம்’ என்பது இக்குழப்பத்தை நீக்கும். அவ்வாறே ‘லைசென்ஸ்’ என்பதற்கு ஒரே சொல்லை எங்கும் ஆளாமல், கருவிச் சான்று, நிலைய உரிமம், இயக்குநர் சான்று எனப் பிரித்து வழங்கினால், எது படகுக்கு, எது ஆளுக்கு என்பது மீனவருக்கும் அலுவலருக்கும் ஒருங்கே விளங்கும். படகு கைமாறும்போது நிலைய உரிமத்தை மாற்ற வேண்டும் என்பதும், இயக்குநர் சான்று ஆளோடு செல்லும் என்பதும் அப்போது தனியே சொல்லாமலே புலப்படும்.

முடிவுரை

வானலை உரிமத்தின் பயன் தடுப்பதோடு முடிவதில்லை. அழைப்பவரை அடையாளம் காட்டுவதிலேயே அது உயிர் காக்கிறது. வானூர்தியில் பதிவும் அழைப்புக் குறியும் ஒன்றாயின. அண்மையில் வானோடியின் வானலைத் தேர்வும் ஒரே துறையின்கீழ் வந்தது. மீன்பிடிப் படகுக்கும் இதே வழியைப் பின்பற்றலாம். மீன்வளத் துறையில் படகைப் பதியும்போதே நிலைய உரிமமும் அடையாள எண்ணும் வழங்குதல், இயக்குநர் பயிற்சியையும் சான்றையும் தமிழில் அளித்தல் ஆகிய இரண்டும் அதற்குப் போதிய தொடக்கமாகும். உத்திரமேரூர்ச் சபை 919இல் 30 முதல் 60 வரை என வகுத்த வயது வரம்பை 921இல் 35 முதல் 70 வரை எனத் திருத்தியது. நடைமுறையில் குறை கண்ட விதியைத் திருத்துவது இம்மண்ணுக்குப் புதிதன்று.