வாக்கில் வென்றவரும் வெள்ளை மாளிகைக்குச் சென்றவரும்

நாற்காலிக்குப் போகும் பாதைகள் – 8

2001 ஜனவரி 6. வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் ஒன்றாகக் கூடியிருக்கின்றன. தலைமை நாற்காலியில் துணை அதிபர் அல் கோர். அதிபர் தேர்தலுக்காக மாகாணங்கள் அனுப்பிய வாக்குச் சான்றிதழ்களைப் பிரிக்கச் சொல்லி, கூட்டிப் பார்த்து, முடிவை அறிவிக்க வேண்டியது அவர் கடமை. ஃப்ளோரிடாவின் முறை வந்ததும் கறுப்பின உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து ஆட்சேபம் சொல்கிறார்கள். அன்றைய விதிப்படி பிரதிநிதிகள் சபை உறுப்பினரோடு செனட்டர் ஒருவரும் கையெழுத்துப் போட்டால்தான் அந்த ஆட்சேபம் விவாதத்துக்கு வரும். ஒரு செனட்டர்கூடக் கையெழுத்துப் போடவில்லை. விதியை எடுத்துச் சொல்லி ஒவ்வோர் ஆட்சேபத்தையும் கோர் தள்ளுபடி செய்கிறார். பிறகு கணக்கை வாசிக்கிறார்: ஜார்ஜ் புஷ் 271, அல் கோர் 266. தன் தோல்வியைத் தன் வாயாலேயே அறிவிக்கிறார்.

அந்தத் தேர்தலில் நாடு முழுக்க விழுந்த ஓட்டுகளில் புஷ்ஷைவிட கோர் 5 லட்சத்து 43 ஆயிரத்துக்கும் மேல் அதிகமாக வாங்கியிருந்தார்.

கடந்த வாரம் பார்த்த பிரான்ஸில் இப்படி நடக்க வழியே இல்லை. அங்கே முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், இரண்டு வாரம் கழித்து முதல் இருவருக்கு மட்டும் மறுசுற்று. அதில் யார் அதிகம் வாங்குகிறாரோ அவர்தான் அதிபர். அமெரிக்காவிலோ கூடுதல் ஓட்டு வாங்கியவர் தோற்பது சட்டப்படியே நடக்கிறது. 1824, 1876, 1888, 2000, 2016 என ஐந்து முறை நடந்திருக்கிறது. கடைசி இரண்டும் நம் கண் முன்னே நடந்தவை.

538 பேரின் கணக்கு

நவம்பரில் ஓர் அமெரிக்கர் போடும் ஓட்டு நேராக அதிபர் வேட்பாளரின் கணக்கில் சேர்வதில்லை. அவருடைய மாகாணத்தின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கப் போகும் தேர்வாளர்கள் எந்தக் கட்சிக்காரர்கள் என்பதைத்தான் அது முடிவு செய்கிறது. ஒரு மாகாணத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடமோ அத்தனை தேர்வாளர்கள். அதோடு செனட்டர்களுக்காக இன்னும் இரண்டு. ஆக 435, 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 3, மொத்தம் 538. இந்த 538 பேரைத்தான் ‘எலெக்டோரல் காலேஜ்’ என்கிறார்கள். 270 பேரைப் பிடித்தவர் அதிபர்.

சின்ன மாகாணமானாலும் பெரிய மாகாணமானாலும் அந்த இரண்டு உண்டு என்பதால் கணக்கு ஒரு பக்கம் சாய்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வயோமிங்கில் சுமார் 5.77 லட்சம் பேர், தேர்வாளர்கள் 3. கலிஃபோர்னியாவில் 3.95 கோடிப் பேர், தேர்வாளர்கள் 54. அங்கே 1.92 லட்சம் பேருக்கு ஒருவர், இங்கே 7.32 லட்சம் பேருக்கு ஒருவர்.

இதைவிடப் பெரிய கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. 48 மாகாணங்களிலும் தலைநகரிலும், ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் அந்த இடத்தின் தேர்வாளர்கள் மொத்தமும் ஜெயித்தவருக்கே. மேய்னும் நெப்ராஸ்காவும் மட்டும்தான் தொகுதிவாரியாகப் பிரித்துக் கொடுக்கின்றன. 2020 தேர்தலில் டிரம்ப்புக்கு டெக்ஸஸில் விழுந்தது சுமார் 58.9 லட்சம் ஓட்டு. கலிஃபோர்னியாவில் விழுந்தது 60 லட்சத்துக்கும் மேல். டெக்ஸஸ் அவருக்கு 38 தேர்வாளர்களைக் கொடுத்தது. அதைவிட அதிகம் பேர் அவருக்கு ஓட்டுப் போட்ட கலிஃபோர்னியா ஒருவரைக்கூடக் கொடுக்கவில்லை. அதே தேர்தலில் டெக்ஸஸில் பைடனுக்கு ஓட்டுப் போட்ட 52 லட்சம் பேருக்கும் அதே கதிதான். மாகாண எல்லையைத் தாண்டினால் ஓட்டு செல்லாது என்றாகிவிட்டது.

2000இல் ஃப்ளோரிடாவின் பாம் பீச் கவுண்டியில் கொடுத்த வாக்குச்சீட்டைப் பாருங்கள். வேட்பாளர் பெயர்கள் எதிரெதிரே இரண்டு பக்கங்களில். துளை போடும் இடங்கள் நடுவில் ஒரே வரிசையில். இடது பக்கத்தில் கோரின் பெயர் இரண்டாவது. ஆனால் நடு வரிசையின் இரண்டாவது துளை, வலது பக்கத்தில் இருந்த பேட் புக்கானனுக்கு உரியது. கோருக்குத் துளை போட வேண்டிய இடம் மூன்றாவது. அந்தக் கவுண்டியில் புக்கானனுக்கு 3,407 ஓட்டு விழுந்தது. அவற்றில் பெரும்பாலானவை தனக்கு வந்திருக்க வேண்டியவை அல்ல என்று அவரே சொன்னார். இரண்டு துளை போட்டதால் செல்லாமல் போன சீட்டுகள் 19 ஆயிரத்துக்கும் மேல். மறு எண்ணிக்கையை டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற தீர்ப்பில் முடித்துவைத்தது. மாகாணம் முழுவதும் விழுந்த ஏறத்தாழ 60 லட்சம் ஓட்டில் புஷ் முந்தியது 537 ஓட்டில். அந்த 537 ஓட்டு 25 தேர்வாளர்களை அள்ளிக் கொடுத்தது. நாடு முழுவதும் கோர் முந்திய ஐந்தரை லட்சம் ஓட்டு எதையும் கொடுக்கவில்லை.

அடிமைகளின் தலைக்கணக்கு

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? 1787 கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் அரசியல் சாசனம் எழுத உட்கார்ந்தவர்கள் அதிபரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று மாதக்கணக்கில் திணறினார்கள். மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் சொன்னார். பரந்த நாட்டில் வேட்பாளர்களை மக்கள் எப்படி அறிவார்கள் என்று சிலர் தயங்கினார்கள். நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்தால் அதிபர் அதற்கு அடங்கிப்போவார் என்று வேறு சிலர் பயந்தார்கள். மக்கள் தேர்ந்தெடுப்பதே சிறந்தது என்று ஒப்புக்கொண்ட ஜேம்ஸ் மேடிசன், ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொன்னார்: ஓட்டுரிமை வடக்கில்தான் அதிகம் பேருக்கு இருக்கிறது, நேரடித் தேர்தலில் தெற்கு மாகாணங்கள் தங்கள் கறுப்பின அடிமைகளைக் காட்டிச் செல்வாக்குப் பெற முடியாது.

தேர்வாளர் முறை அந்தச் சிக்கலைத் தீர்த்தது. பிரதிநிதிகள் சபை இடங்களைக் கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணலாம் என்று ஏற்கெனவே ஒப்பந்தம் ஆகியிருந்தது. தேர்வாளர் எண்ணிக்கையும் அதையே தழுவியது. 1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியாவில் அடிமைகள் நீங்கலாக இருந்தவர்கள் சுமார் 4.55 லட்சம், பென்சில்வேனியாவில் சுமார் 4.3 லட்சம். ஏறக்குறைய சமம். ஆனால் 1800 தேர்தலில் வர்ஜீனியாவுக்கு 21 தேர்வாளர்கள், பென்சில்வேனியாவுக்கு 15. ஓட்டுப் போட விடாத மனிதர்களின் தலைகளை எண்ணியே எஜமானர்கள் தங்கள் ஓட்டின் எடையைக் கூட்டிக்கொண்டார்கள். குடியரசின் முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் அதிபர் நாற்காலியில் இருந்தவர்கள் வர்ஜீனியாக்காரர்கள்.

‘ஜெயித்தவருக்கே மொத்தமும்’ என்ற விதியோ சாசனத்தில் எங்குமே இல்லை. தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதை மாகாணச் சட்டமன்றங்களிடம் சாசனம் விட்டுவிட்டது. முதல் தேர்தல்களில் ஆளுக்கொரு முறை இருந்தது. 1800இல் தங்கள் ஆளான தாமஸ் ஜெஃபர்சனுக்கு ஓர் ஓட்டுகூடச் சிதறக் கூடாது என்று வர்ஜீனியா தொகுதிவாரி முறையைக் கைவிட்டது. ஜான் ஆடம்ஸின் மாசசூசெட்ஸ் பதிலுக்குத் தன் முறையை மாற்றியது. ஒரு மாகாணம் செய்தால் மற்றது சும்மா இருக்குமா? 1836க்குள் தெற்கு கரோலினா தவிர எல்லா மாகாணங்களும் மொத்தமாக அள்ளும் முறைக்கு வந்துவிட்டன. சாசனத்தை எழுதியவர்களின் ஞானம் என்று இன்று போற்றப்படும் ஏற்பாட்டில் பாதி, கட்சிகள் தங்கள் வசதிக்குச் செய்துகொண்டது.

1876இன் விலை

கூடுதல் ஓட்டு வாங்கியவர் தோற்ற ஐந்து முறைகளில் மக்கள் அதிக விலை கொடுத்தது 1876இல். ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டன் சுமார் 51 சதவீத ஓட்டு வாங்கினார். குடியரசுக் கட்சியின் ரூதர்ஃபோர்டு ஹேய்ஸைவிட இரண்டரை லட்சம் அதிகம். தேர்வாளர் கணக்கில் அவருக்கு ஒன்றே ஒன்று குறைந்தது: 184. ஃப்ளோரிடா, லூசியானா, தெற்கு கரோலினா, ஒரிகன் ஆகியவற்றின் 20 தேர்வாளர்கள் யாருக்கு என்பதில் தகராறு. 15 பேர் கொண்ட ஆணையம் அமைத்தார்கள். அது 8-க்கு 7 என்று பிரிந்து, 20 பேரையும் ஹேய்ஸுக்கே கொடுத்தது. முடிவு 185-184.

இந்தக் கதையை டில்டனுக்கு நடந்த அநியாயம் என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான். தெற்கில் டில்டன் குவித்த ஓட்டுக்குப் பின்னால், கறுப்பின மக்களை அடித்தும் கொன்றும் வாக்குச்சாவடியிலிருந்து துரத்திய வன்முறை இருந்தது. ஆணையத்தின் முடிவைத் தென்னகத் தலைவர்கள் ஏற்றுக்கொண்டபோது, கறுப்பின மக்களைக் காத்து நின்ற மத்தியப் படைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. விடுதலை பெற்றுப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆன மக்கள் மறுபடியும் எஜமானர்களின் கையில் விடப்பட்டார்கள். தெற்கில் அவர்களுடைய ஓட்டுரிமைக்கு உண்மையான காவல் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. எல்லோரும் அச்சமின்றி ஓட்டுப் போட முடிந்தால்தான் மொத்த ஓட்டு எண்ணிக்கைக்கு அர்த்தம் உண்டு. ஓட்டை எண்ணுவதில் நியாயம் கேட்பவர்கள், ஓட்டுப் போடும் உரிமையையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

எந்தக் கட்சிக்கும் நடக்கலாம்

இது ஜனநாயகக் கட்சிக்காரர்களின் புலம்பல் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். 2016இல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சம் ஓட்டுக்கு மேல் முந்தியும், பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய மூன்றிலும் சேர்த்து 78 ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றது உண்மை. ஆனால் 2004ஐப் பாருங்கள். அப்போது புஷ் நாடு முழுவதும் 30 லட்சம் ஓட்டு முந்தினார். ஒஹையோவில் அவர் ஜெயித்தது சுமார் 1.18 லட்சத்தில். அங்கே 60 ஆயிரம் பேர் மனம் மாறியிருந்தால் ஜான் கெர்ரிதான் அதிபர். குடியரசுக் கட்சிக்காரர்களும் இதே காயத்தோடு இருந்திருப்பார்கள்.

2020இல் பைடன் முந்தியது 70 லட்சம் ஓட்டுகளில். ஆனால் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் அவருக்கு இருந்த முன்னிலை மொத்தம் 43 ஆயிரத்துக்கும் குறைவு. அது போயிருந்தால் 269-269 என்று சமநிலை. முடிவு பிரதிநிதிகள் சபையில், மாகாணத்துக்கு ஓர் ஓட்டு என்ற கணக்கில் நடந்திருக்கும். 2024இல் டிரம்ப் 312 தேர்வாளர்களோடு, மொத்த ஓட்டிலும் சுமார் 23 லட்சம் முந்தினார். இரண்டும் ஒத்துப்போனதால் யாரும் முறையைப் பற்றிப் பேசவில்லை. கோளாறு தற்போதைக்கு வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்த முறையை ஆதரிப்பவர்களின் வாதங்களையும் கேட்க வேண்டும். அமெரிக்கா மாகாணங்களின் ஒன்றியம். பெரு நகரங்கள் சின்ன மாகாணங்களை விழுங்கிவிடக் கூடாது என்பது ஒன்று. தகராறு வந்தால் ஒரு மாகாணத்தில் மறு எண்ணிக்கை நடத்தினால் போதும், நாடு முழுக்க வேண்டாம் என்பது இன்னொன்று. இரண்டாவதில் சாரம் இருக்கிறது. முதலாவது, நடப்பைப் பார்த்தால் நிற்காது. 2024இல் வேட்பாளர்கள் சுற்றிச் சுற்றி வந்தது பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வடக்கு கரோலினா, அரிசோனா, நெவாடா என்ற ஏழு மாகாணங்களைத்தான். வயோமிங்கும் வெர்மான்ட்டும் சின்ன மாகாணங்கள்தானே? அங்கே யார் போனார்கள்? முடிவு முன்கூட்டியே தெரிந்த இடத்தில் ஓட்டுக் கேட்க யாருக்கும் அவசியமில்லை. கோரிக்கையைக் காது கொடுத்துக் கேட்கவும் அவசியமில்லை.

கைக்கு எட்டியது

மாற்ற முயன்றவர்கள் உண்டு. 1968 தேர்தலில் இனப் பிரிவினைவாதி ஜார்ஜ் வாலஸ் ஐந்து தென்மாகாணங்களை வென்றதும், யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் போனால் அவர் பேரம் பேசுவார் என்ற அச்சம் எல்லோரையும் பிடித்தது. நேரடித் தேர்தலுக்கான சாசனத் திருத்தம் 1969 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபையில் 338-70 என்று நிறைவேறியது. அதிபர் நிக்சனும் ஆதரித்தார். செனட்டில் அதைச் சுமந்தவர் இண்டியானாவின் பர்ச் பை. தென்மாகாண செனட்டர்கள் விடாமல் பேசியே தடுத்தார்கள். 1970 செப்டம்பரில் விவாதத்தை முடித்து வைக்கும் தீர்மானத்துக்குக் கிடைத்தது 54-36. தேவைப்பட்டது மூன்றில் இரண்டு பங்கு. ஆறு பேர் குறைந்தார்கள்.

இப்போது வேறு வழியில் முயல்கிறார்கள். நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்கியவருக்கே எங்கள் தேர்வாளர்கள் என்று மாகாணங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. 2007இல் மேரிலாந்து தொடங்கியது. 2024இல் மேய்ன் சேர்ந்தபோது 17 மாகாணங்களும் தலைநகரும் சேர்ந்து 209 தேர்வாளர்களை எட்டியிருந்தன. 270 எட்டினால்தான் ஒப்பந்தம் உயிர் பெறும். எட்டினாலும் நீதிமன்றத்தைத் தாண்ட வேண்டும்.

முடியாத காரியமா? மிசிசிப்பி மாகாணத்தைப் பாருங்கள். அங்கே ஆளுநராக வர மொத்த ஓட்டில் பெரும்பான்மை வாங்கினால் மட்டும் போதாது, சட்டமன்றத் தொகுதிகளில் பெரும்பான்மையையும் வெல்ல வேண்டும் என்று 1890ஆம் ஆண்டுச் சாசனம் விதித்தது. கறுப்பின மக்கள் ஆட்சிக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட சாசனம் அது. 130 ஆண்டுகள் கழித்து, டிரம்ப்புக்குப் பெரும்பான்மை கொடுத்த அதே 2020 நவம்பர் தேர்தலில், மிசிசிப்பி மக்கள் நான்கில் மூன்று பங்குக்கும் மேலான ஆதரவோடு அந்த விதியைத் தூக்கி எறிந்தார்கள். ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொருவர் ஓட்டுக்கும் ஒரே எடை என்பதை அங்கே இரு கட்சிக்காரர்களும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஓட்டின் எடையை முகவரி முடிவு செய்யக் கூடாது என்ற அந்த நியாயம் ஆளுநருக்குப் பொருந்தும் என்றால் அதிபருக்கும் பொருந்தும்.

அடுத்த வாரம் இலங்கை. யாருக்கும் பாதி கிடைக்காமல், விருப்பு வாக்குகளை எண்ணி அதிபரை அறிவித்த 2024 தேர்தலின் கதை.

(தொடரும்)