பழைய மரத்தில் பாரிடோன் கிட்டார்

பாரிடோன் கிட்டார், வழக்கமான கிட்டாருக்கும் பேஸ் கிட்டாருக்கும் நடுவே நிற்கும் ஆறு தந்திக் கருவி. சாதாரணக் கிட்டாரின் தடித்த தந்தி ‘ஈ’ சுருதியில் வினாடிக்கு 82 முறை அதிரும். பாரிடோனில் அது பெரும்பாலும் ‘பி’ வரை இறங்கி 62 ஆகிவிடும். நம் கணக்கில் ஷட்ஜத்திலிருந்து மந்தர பஞ்சமத்துக்கு இறங்கும் தூரம்.

இருக்கும் தந்தியையே தளர்த்தினால் போதாதா? போதாது. சுருதி முக்கால் பங்காகும்போது தந்தியின் இழுவிசை 56 விழுக்காடாகச் சரிந்துவிடும். தொய்ந்த தந்தி மெட்டுகளில் பட்டுக் கரகரக்கும்; சற்று அழுத்திப் பிடித்தாலே சுருதி விலகும். ஆகவே தந்தியைத் தடிப்பாக்கி, அதன் நீளத்தையும் கூட்டுகிறார்கள். வழக்கமான 25½ அங்குலம் இங்கே 27 முதல் 30 வரை போகும். மெட்டுகளின் இடைவெளியும் அதற்கேற்ப அகலும்: 25½ அங்குலக் கருவியில் 36 மில்லிமீட்டரில் வரும் முதல் மெட்டு, 28 அங்குலக் கருவியில் 40இல் வரும். சிறிய கைக்கு இது தொல்லைதான்.

கைவினைஞரின் கவலை கழுத்தைப் பற்றியது. சாதாரணக் கிட்டாரிலேயே ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடைக்கு நிகராக இழுக்கின்றன. நீண்ட கழுத்து அந்த இழுப்பில் எளிதில் வளையும். உள்ளே எஃகுத் தண்டு பதித்தாலும் மரம் திருகாமல் இருக்க வேண்டும். பல்லாண்டு கூரையைத் தாங்கிய உத்தரம் இங்கே கைகொடுக்கும். ஈரம் வற்றி, முறுக்கிக்கொள்ள வேண்டியதெல்லாம் முறுக்கி முடிந்த மரம் அது. நியூயார்க்கின் கார்மைன் தெருவில் கடை வைத்திருந்த ரிக் கெல்லி, செல்சி ஹோட்டல் போன்ற பழைய கட்டடங்களிலிருந்து கழித்த மரத்தில் மின் கிட்டார்கள் செய்து பெயர் பெற்றவர். 2018இல் ரான் மான் அந்தக் கடையைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். இங்கிலாந்தில் கிட்டார் கலைஞர் பிரையன் மே 1963இல் தந்தையோடு செய்யத் தொடங்கிய கிட்டாரின் கழுத்து, பழைய கணப்படுப்பின் மேல்சட்டம். அதிலிருந்த புழுத்துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள்.

இத்தகைய மரத்தில் முதல் வேலை ஆணி தேடுவது. மறைந்திருக்கும் ஒரே ஆணி இழைப்புளியின் அலகைப் பதம் பார்த்துவிடும் என்பதால் உலோகங்காட்டியால் பலகை முழுக்கத் தடவுவார்கள். பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். தூசு மூக்கில் ஏறாமல் சுரண்ட வேண்டும். ஆணித்துளைகளைச் சிலர் அழகுக்காக அப்படியே விட்டுவிடுவதும் உண்டு.

பழைய மரம் நாதத்தைக் கூட்டும் என்ற பேச்சைப் பாதிதான் நம்பலாம். மின் கிட்டாரின் பிக்கப், காந்தத்தின் மேல் எஃகுத் தந்தி அசைவதைத்தான் மின்னோட்டமாக மாற்றுகிறது. பலகையின் ஒலியை அது நேரடியாகக் கேட்பதில்லை. 1950களின் பிற்பகுதியில் பாரிடோனின் கனத்த குரலைப் பரப்பிய டேன்எலெக்ட்ரோ கிட்டார்களின் முகமும் முதுகும் மேசனைட், அதாவது மரநாரை அழுத்திச் செய்த மலிவான அட்டை.